ஓட்ட வீரர் எமில் ஜாட்டோபெக்

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்கள் தோல்தொழிலால் பெயர் பெற்றவை. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டு அனுப்பிய இவ்வூர்கள், பின்னர்க் காலணிகளையே செய்து கடல் கடந்த நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கின. மக்கள் ‘ஷூ கம்பெனி’ என வழங்கும் அத்தொழிற்சாலைகளுக்குக் காலையில் சாரை சாரையாகச் செல்லும் தொழிலாளரை இவ்வட்டாரத்துச் சிறுவர் நாள்தோறும் காண்பர். ஒருவர் தோலை வெட்டுவர், மற்றொருவர் தைப்பர், பிறிதொருவர் அடிப்பாகத்தை ஒட்டுவர். இவ்வாறு பலர் கைபட்டு ஒரு சோடிக் காலணி உருவாகின்றது. அதனை அணிந்து ஓடப்போகின்றவன் யாவன் என்பதைச் செய்தவர் அறியார். ஆயின் காலணி செய்த ஒருவரே உலகம் வியக்கும் ஓட்டவீரராகவும் விளங்கிய வரலாறு ஒன்று உண்டு. அவர்தாம் செக்கோசுலோவாக்கிய நாட்டு எமில் ஜாட்டோபெக்.

அவர் 1922ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19ஆம் நாள் மொராவியப் பகுதியில் உள்ள கோப்ரிவ்நிட்சே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சுத் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் பலர், வருவாயோ சிறிது. மேற்படிப்பிற்கு வழியின்மையால் பதினாறாம் வயதளவில் எமில் சிலின் நகருக்குச் சென்று பாட்டா காலணித் தொழிற்சாலையில் சேர்ந்தார். நம் நாட்டுக் கடைத்தெருக்களிலும் நெடுங்காலமாக விளங்கிவரும் பாட்டா என்னும் பெயர், 1894இல் அந்நகரில் தோன்றிய நிறுவனத்தின் பெயரே ஆகும். அங்கே பகலில் உழைப்பும் மாலையில் தொழிற்கல்வியுமாக அவருடைய நாட்கள் கழிந்தன. நாடு செருமானியர் கைப்பட்டிருந்த போர்க்காலம் அது. தொழிற்சாலையில் தூசியும், வெளியே அச்சமும் சூழ, இளைஞர்க்கு மகிழ்ச்சி தருவன சிலவே.

எமில் இளமையில் உடற்கட்டு மிக்கவர் அல்லர். விளையாட்டில் அவருக்குப் பெருவிருப்பும் இருந்ததில்லை. தொழிற்சாலையின் சார்பில் ஆண்டுதோறும் ஓட்டப்பந்தயம் ஒன்று நிகழும். ஒருமுறை விளையாட்டுப் பயிற்றுநர் சில இளைஞரைச் சுட்டிக்காட்டி, அவர்கள் ஓடியே தீரவேண்டும் என ஆணையிட்டார். அவருள் எமிலும் ஒருவர். தாம் வலிமையற்றவர் என்றும், ஓடத் தகுதி இல்லாதவர் என்றும் அவர் கூறிப் பார்த்தார். பயிற்றுநர் விடவில்லை, மருத்துவரிடம் அனுப்பினார். உடம்பில் குறை ஒன்றும் இல்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். தப்ப வழியின்றி எமில் பந்தயத்தில் நின்றார். கட்டாயத்தால் ஓடத் தொடங்கியவர்க்குச் சிறிது தொலைவு சென்றதும் முந்தவேண்டும் என்னும் வேட்கை பிறந்தது. ஏறத்தாழ நூறுபேர் ஓடிய அப்பந்தயத்தில் அவர் இரண்டாமவராக வந்தார்.

தம்மால் இயலாது என்று மெய்யாகவே நம்பியிருந்த ஒருவர்க்கு, அந்த நம்பிக்கை பொய் என்பது ஓடிய பின்னரே விளங்கிற்று. எனினும் ஒருநாள் வெற்றியால் நிலைத்த துணிவு வந்துவிடுவதில்லை. அதனை அவர் எவ்வாறு ஈட்டினார் என்பதே அவர் வரலாற்றில் ஊன்றிக் காணத்தக்க பகுதியாகும்.

சிலின் நகரத்து விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்த எமிலுக்கு யான் ஹலூசா என்னும் ஓட்டவீரர் முதற் பயிற்சி அளித்தார். பின்லாந்து நாட்டுப் பாவோ நூர்மியின் புகழ் அந்நாளில் ஓட்டக்காரர் அனைவர் செவியிலும் ஒலித்தது. நூர்மி பயின்ற முறையைப் பற்றிப் படித்த எமில், அதனைத் தம் போக்கில் ஆராயலானார். நெடுந்தொலைவு ஓட விரும்புவோர் நாள்தோறும் நெடுந்தொலைவே மெல்ல ஓடிப் பழகவேண்டும் என்பது அக்காலத்துப் பலர் கொள்கை. எமிலுக்கு ஓர் ஐயம் எழுந்தது. மெல்ல ஓடுதல் தமக்கு முன்னரே தெரிந்த ஒன்று. தெரியாதது விரைந்து ஓடுதலே. தெரிந்ததையே நாள்தோறும் செய்துகொண்டிருந்தால் தெரியாதது எப்படிக் கைவரும்?

ஆகவே அவர் நூறு மீட்டர் தொலைவை இயன்ற விரைவில் ஓடினார். பின் சிறிது தொலைவு மெல்ல ஓடி மூச்சைச் சீர்படுத்திக் கொண்டார். மீண்டும் நூறு மீட்டர், மீண்டும் மெல்லோட்டம். இப்படி இருபது முறை ஓடின், விரைந்து ஓடிய தொலைவு மட்டுமே 2,000 மீட்டர் ஆகும். ஒரே மூச்சில் அத்துணை விரைவாக 2,000 மீட்டர் ஓடு என்றால் எவரும் மலைப்பர். கூறு கூறாகப் பிரித்தபோது மலைப்பு நீங்கிற்று. கண்டோர் நகைத்தனர். நெடுந்தொலைவு ஓடுகின்றவன் குறுந்தொலைவு வீரனைப்போல் பாய்வது ஏன் என்று வினவினர். சிலர் இவன் விரைவில் உடல் கெட்டு ஒழிவான் எனவும் கூறினர். 1944ஆம் ஆண்டில் அவர் 2,000, 3,000, 5,000 மீட்டர் ஓட்டங்களில் தம் நாட்டுச் சாதனைகளை முறியடித்த பின்னர் நகைப்புக் குறைந்தது.

இடையிட்டு விரைந்தோடும் இப்பயிற்சியை முதன்முதல் கண்டவர் எமில் என்று கூறுதல் பொருந்தாது. நூர்மி காலத்திலேயே இதன் சாயல் உண்டு. செருமனியிலும் பயிற்றுநர் சிலர் இதனை ஆராய்ந்திருந்தனர். ஆனால் இதனை எமில் அளவிற்கு மிகுதியாகவும் விடாப்பிடியாகவும் மேற்கொண்டார் அவருக்கு முன் எவரும் இலர். 200 மீட்டர் ஐந்து முறை, 400 மீட்டர் இருபது முறை, மறுபடியும் 200 மீட்டர் ஐந்து முறை, இவற்றிடையே மெல்லோட்டம் என்பது அவர் நெடுநாள் பயின்ற ஒழுங்கு. பின்னர் 400 மீட்டர் ஓட்டம் நாற்பதாக உயர்ந்தது. அதனினும் மிக்க எண்ணிக்கையில் ஓடிய நாட்களும் உண்டு.

போர் முடிந்தபின் அவர் படையிற் சேர்ந்தார். படைவீரர்க்குரிய கனத்த பூட்சுகளை அணிந்து காட்டுவழியிலும் பனியிலும் ஓடினார். கனத்த காலணியோடு பழகிய கால், பந்தய நாளில் மெல்லிய காலணி அணிந்ததும் இறகு முளைத்தாற்போல் இயங்கும் அன்றோ? பகலில் கடமை மிகுந்த நாட்களில் இரவில் கைவிளக்கு ஏந்தி ஓடியதும் உண்டு என்பர். வேலைக்குச் செல்லும் வழியில் நின்ற மரங்களை எண்ணியபடி மூச்சை அடக்கி நடந்து, நாளுக்கு ஒரு மரமாகக் கூட்டிச்சென்று, இறுதியில் மயங்கி வீழ்ந்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. ஆர்வ மிகுதியால் செய்த இதனை மாணவர் எவரும் பின்பற்றத் துணிதல் கூடாது. வீரர் செய்த யாவும் அறிவுடைய செயல் ஆகிவிடா. மனைவி துவைக்க வைத்த துணிகளைக் குளியல் தொட்டியில் இட்டு, வழலைநீர் ஊற்றி, அவற்றின்மேல் நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடினார் என்பதும் அவரைப்பற்றி விரும்பிக் கூறப்படுவது. அதனால் பயிற்சியும் முடிந்தது, துணியும் வெளுத்தது.

அவருடைய ஓட்டம் காண்பதற்கு அழகியது அன்று. தலை ஒருபுறம் சாயும்; முகம் சுளிக்கும்; நா வெளியே தோன்றும்; தோள்கள் நெளியும். அடுத்த நொடியில் வீழ்ந்துவிடுவார் என்றே புதியவர் எண்ணுவர். மூச்சு விடும் ஒலியும் ஓயாத இயக்கமும் கண்டு, நீராவி இரயில் எஞ்சின் என அவருக்குப் பட்டப்பெயர் சூட்டினர். முகத்தில் தோன்றிய துன்பத்திற்கும் காலில் இருந்த வலிமைக்கும் தொடர்பே இல்லை என்பதை எதிர்நின்று ஓடியோர் காலந்தாழ்த்தே உணர்ந்தனர்.

1946இல் ஆஸ்லோ நகரில் நடந்த ஐரோப்பியப் பந்தயத்தில் அவர் 5,000 மீட்டர் ஓட்டத்தில் ஐந்தாம் இடமே பெற்றார். ஆயினும் 14 நிமிடம் 25.8 நொடியில் ஓடித் தம் பழைய அளவை ஏறத்தாழ 24 நொடி குறைத்திருந்தார். முதல்வரோடு தம்மை ஒப்பிட்டு வருந்தாமல், நேற்றைய தம்மோடு இன்றைய தம்மை ஒப்பிட்டு மகிழும் இயல்பு அவரிடம் இருந்தது. அவர் நம்பிக்கை எண்களின்மேல் எழுந்தது. களத்தில் இத்தனை முறை இத்தனை நொடியில் ஓடியிருக்கின்றோம் என்னும் கணக்கு நெஞ்சில் இருப்பவர்க்குப் பந்தய நாளில் அச்சம் நுழைய இடம் ஏது? திருவள்ளுவர் ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் நடுவே மடியின்மையை வைத்த முறை இங்கே நினைக்கத்தக்கது. ஊக்கம் எழுந்தபின் சோம்பல் இடைப்புகாமல் காத்தால் அல்லவா அது முயற்சியாக முதிரும்!

1948இல் இலண்டனில் ஒலிம்பிக்குப் பந்தயம் நிகழ்ந்தது. 10,000 மீட்டர் ஓட்டத்தில் எமிலோடு பின்லாந்தின் வில்ஜோ ஹைனோ ஓடினார். 29 நிமிடம் 35.4 நொடி என்னும் உலகச் சாதனை அந்நாளில் ஹைனோவிற்கே உரியது. களத்தின் சுற்று ஒன்றுக்கு 400 மீட்டராக, ஓடவேண்டிய சுற்றுக்கள் 25. ஒவ்வொன்றையும் 71 நொடியில் முடிப்பின் அச்சாதனையை எட்டலாம் என எமில் கணக்கிட்டார். பார்வையாளரிடையே அமர்ந்த துணைவர் ஒருவர், சுற்று உரிய காலத்தில் முடிந்தால் வெள்ளைத் துணியையும், தாழ்ந்தால் சிவப்புத் துணியையும் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு. முதற் சில சுற்றுக்களில் எமில் பின்னே ஓடினார், வெள்ளையே தோன்றிற்று. சிவப்பைக் கண்டதும் கூட்டத்தைப் பிளந்து முன்னேறினார். ஹைனோ சிறிதுநேரம் உடன்ஓடிப் பார்த்தார். பின் களத்தை விட்டே விலகினார். இறுதியில் எமில் 29 நிமிடம் 59.6 நொடியில் வென்றபோது, இரண்டாமவரான பிரெஞ்சு நாட்டு அலென் மிமூன் 47 நொடிக்கு மேல் பின்தங்கியிருந்தார்.

அதே பந்தயத்தில் 5,000 மீட்டர் ஓட்டம் வேறு பாடம் கற்பித்தது. மழையால் களம் சேறாகியிருந்தது. பெல்ஜிய வீரர் காஸ்டன் ரைஃப் நெடுந்தொலைவு முந்திவிட்டார். தோல்வி உறுதி என எல்லாரும் எண்ணிய இறுதிச் சுற்றில் எமில் பாய்ந்தார். பேரிடைவெளி கண்காணச் சுருங்கிற்று. ஆயின் எல்லைக்கோடு முந்திக்கொண்டது. 0.2 நொடியில் பொற்பதக்கம் கைநழுவியது. இன்னும் சில அடி முன்னர்ப் பாயத் துணிந்திருப்பின் வெற்றி தமதே என்பதை அவர் அறியாமல் இல்லை.

அவ்வாண்டிலேயே ஈட்டி எறியும் வீராங்கனையான டானாவை மணந்தார். இருவரும் ஒரே ஆண்டில், ஒரே திங்களில், ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பது வியப்பிற்குரியது. 1949இல் 10,000 மீட்டரில் உலகச் சாதனையைக் கைப்பற்றினார். 1951இல் ஒருமணி நேரத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய முதல் மனிதர் ஆனார். 1948 முதல் 1954 வரை 10,000 மீட்டர் ஓட்டத்தில் தொடர்ந்து 38 முறை தோல்வியே காணவில்லை.

1952ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கு அவர் புகழின் கொடுமுடி. ஆனால் புறப்படும் முன்பே ஒரு சோதனை நேர்ந்தது. அரசினர்க்குப் பகையானவர் எனச் சிறையிடப்பட்ட ஒருவரின் மகன் என்னும் காரணத்தால், யுங்விர்ட் என்னும் இளம் ஓட்டவீரரைக் குழுவினின்றும் நீக்கினர். அவர் இன்றித் தாம் செல்வதில்லை என எமில் மறுத்து நின்றார். அக்காலத்து ஆட்சியில் இத்தகைய மறுப்பு, பந்தயத்தை மட்டுமன்றி வாழ்வையே இழக்கச் செய்யத்தக்கது. குழுவினரின் வானூர்தி அவர் இன்றியே சென்றது. முடிவில் அதிகாரிகள் இறங்கிவந்தனர். இருவரும் பின்னர்ச் சேர்ந்து சென்றனர்.

ஹெல்சிங்கியில் சூலை 20இல் 10,000 மீட்டரை 29 நிமிடம் 17 நொடியில் வென்றார். சூலை 24இல் 5,000 மீட்டர் இறுதி ஓட்டம். அதன் கடைசிச் சுற்றில் மூவர் அவரை முந்திவிட, நான்காமவராகப் பின்தள்ளப்பட்டார். நான்கு ஆண்டுகட்கு முன் காலம் தாழ்த்தியது நினைவில் இருந்ததோ என்னவோ, இம்முறை கடைசி வளைவிலேயே பாய்ந்து மூவரையும் கடந்தார். இங்கிலாந்தின் கிறிஸ் சாட்டவே ஓரக்கல்லில் கால் இடறி வீழ்ந்தார். மிமூன் இரண்டாமவர், செருமானியரான ஷாடே மூன்றாமவர். அன்று பிற்பகலிலேயே டானா ஈட்டி எறிதலில் பொற்பதக்கம் பெற்றார். ஒரே நாளில் கணவனும் மனைவியும் தனித்தனியே பொன் வென்றனர்.

இவ்வளவில் அமையாமல், அதுவரை ஒருமுறையும் ஓடியறியாத மாரத்தான் ஓட்டத்திற்கும் பெயர் கொடுத்தார். அதன் தொலைவு 42 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அவ்வோட்டத்தில் சிறந்தவர் எனப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்சோடு ஒட்டியே எமில் ஓடினார். வழியில் இந்த விரைவு போதுமா என அவரிடமே கேட்டார். களைத்திருந்த பீட்டர்ஸ், எமிலைக் குழப்பும் நோக்கத்தோடு, போதாது என விடையளித்தார். எமில் அதனை மெய்யென்றே கொண்டு விரைவைக் கூட்டிச் சென்றுவிட்டார்! பீட்டர்ஸ் பந்தயத்தை முடிக்க இயலாமல் இடைவழியில் நின்றார். 2 மணி 23 நிமிடத்தில் சிறிது மிகையாக எமில் விளையாட்டரங்கினுள் நுழைந்தபோது பல்லாயிரவர் எழுந்து ஆர்ப்பரித்தனர். அடுத்தவர் வருமுன் இரண்டரை நிமிடம் கழிந்தது. ஜமைக்கா நாட்டு வீரர்கள் அவரைத் தோளில் சுமந்து களத்தை வலம் வந்தனர். 5,000, 10,000, மாரத்தான் மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் அவரன்றிப் பிறர் இலர். அந்த ஹெல்சிங்கியிலேதான் நம் நாட்டு மல்லர் கஷாபா ஜாதவ் வெண்கலப் பதக்கம் பெற்று, விடுதலை இந்தியாவிற்குத் தனியொருவர் ஈட்டிய முதற் பதக்கத்தைக் கொணர்ந்தார் என்பதும் அறியத்தக்கது.

1954இல் எமில் 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.2 நொடியில் ஓடினார். 29 நிமிடத்திற்குள் அத்தொலைவை ஓடிய முதல்வர் அவரே. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்குச் சில கிழமைகள் முன்னர் அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தும், மாரத்தானில் ஓடி ஆறாம் இடம் பெற்றார். வென்றவர், பன்முறை அவர் பின்னே வந்த மிமூன். முடிவிடத்தில் காத்துநின்ற மிமூனை எமில் வாழ்த்தித் தழுவிக்கொண்டார். அடுத்த ஆண்டளவில் பந்தயங்களினின்றும் ஓய்வு பெற்றார். அவர் படைத்த உலகச் சாதனைகள் 18.

1968இல் அவர் நாட்டில் உரிமை வேட்கை எழுந்தது. எமில் அதனை வெளிப்படையாக ஆதரித்தார். அயல்நாட்டுப் படைகள் புகுந்து அவ்வெழுச்சியை அடக்கியபின், கட்சியினின்றும் படையினின்றும் நீக்கப்பட்டார். உலகம் போற்றிய வீரர், நிலத்தைத் துளையிட்டு ஆராயும் தொழிலாளரோடு சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று, வண்டி வீட்டில் தங்கி, ஆண்டுக்கணக்கில் உடல் உழைத்தார். பின்னர் ஆட்சியாளர்க்கு இணங்கித் தம் முன்னைக் கருத்தை விட்டுக்கொடுத்துப் பேசினார் என்று அவரைக் குறைகூறுவாரும் உண்டு. அஃது உண்மையே. களத்தில் எவர்க்கும் தளராதவர் ஈண்டுத் தளர்ந்தார்; அத்தளர்ச்சியை, அவர் பட்ட துன்பத்தையும் சேர்த்தே எடைபோடுதல் வேண்டும். 1990இல் புதிய ஆட்சி அவர்க்கிழைத்த தவறுகளை நீக்கி மீண்டும் பெருமைப்படுத்தியது.

அவர் 2000ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிராகு நகரில், 78ஆம் வயதில் மறைந்தார். அவர் வென்ற பொற்பதக்கங்களுள் ஒன்று அப்போது அவர் வீட்டில் இல்லை. அதன் காரணம் பின்வருவது.

ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் என்பவர் பல உலகச் சாதனைகளை நிகழ்த்தியும், ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் பெறும் பேறு வாய்க்காதவர். 1966இல் அவர் பிராகு நகருக்கு வந்தார். வழியனுப்ப வானூர்தி நிலையம் வரை சென்ற எமில், சிறு பொதி ஒன்றை அவர் கையில் வைத்து விடைபெற்றார். நாட்டைவிட்டு மறைவாகக் கொண்டுசெல்ல வேண்டிய பொருள் போலும் என எண்ணிய கிளார்க், வானூர்தி மேலெழுந்த பிறகே அதனைத் திறந்தார். உள்ளே இருந்தது 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் எமில் வென்ற பொற்பதக்கம்.